பயந்த பிள்ளைக்குக் கணக்கு ஏன் வராமல் போகிறது?

"வீட்ல கேட்டா கடகடன்னு சொல்றா சார், பரீட்சை ஹால்ல உக்காந்ததும் எல்லாம் மறந்துபோகுது, திரும்பி வர்றப்ப பஸ்ல ஞாபகம் வருதுங்கிறா. இதுக்கு என்ன வைத்தியம்?" என்று மேலூர்ப் பக்கமிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. வல்லாரை மாத்திரை, மந்திரித்த கயிறு இரண்டையும் பார்த்தாகிவிட்டதாம். கடைசி வரியில், வகுப்பில் கணக்கு சாரைப் பார்த்தாலே அவளுக்குக் கை நடுங்கும் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தார். விஷயமே அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும், கொஞ்ச நேரத்தில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் ஏறும். இதெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது, விட்டுவிடலாம். எனக்குப் பிடித்த இடம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளை. ஒரு கணக்கைப் போடும்போது கேள்வியில் கொடுத்த எண், முந்தின வரியின் விடை, அடுத்து போட வேண்டிய சூத்திரம் எல்லாவற்றையும் சில நொடிகள் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது அதுதான். இதைச் செயல் நினைவு என்கிறார்கள். அங்குள்ள நரம்பு செல்கள் ஒன்றையொன்று விடாமல் தூண்டிக்கொண்டே இருப்பதால்தான் அந்த எண் மனதில் நிற்கிறது. தூண்டுதல் அறுந்தால் எண்ணும் போய்விடும்.

யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டென் பல ஆண்டுகளாகக் குரங்குகளிடம் ஆராய்ந்தது இந்தத் தூண்டுதலைத்தான். அந்தச் செல்கள் சந்திக்கும் இடங்களில் பொட்டாசியம் வெளியேறும் நுண்ணிய வாய்க்கால்கள் இருக்கின்றன. அவை மூடியிருந்தால் ஒரு செல்லின் தூண்டுதல் அடுத்த செல்லுக்கு முழுதாகப் போய்ச் சேரும், திறந்தால் வழியிலேயே கசிந்துவிடும். மேலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், பெரியாறு கால்வாயில் நடுவில் நாலு மடையைத் திறந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

இந்த வாய்க்கால்களைத் திறப்பதும் மூடுவதும் யார் என்று பார்த்தால், இரண்டு வேலைக்கும் பெரும்பாலும் ஒரே ஆள்தான், மூளைக்குள் சுரக்கும், அட்ரினலினுக்கு நெருங்கிய உறவான நார்அட்ரினலின்! அது அளவாகச் சுரக்கும்போது ஆல்ஃபா-2ஏ என்ற ஏற்பியில், அதாவது வேதிப்பொருள் வந்து ஒட்டுவதற்கென்று செல்லில் உள்ள இடத்தில், போய் ஒட்டுகிறது. கொஞ்சம் இருந்தாலே பிடித்துக்கொள்ளும் ஏற்பி அது. உடனே வாய்க்கால்கள் மூடி, செல்களின் பேச்சு தெளிவாகிறது, பிள்ளை சுறுசுறுப்பாகக் கணக்குப் போடுகிறது. பயத்தில் அதே நார்அட்ரினலின் வெள்ளமாக வந்தால், அவ்வளவு எளிதில் பிடிபடாத ஆல்ஃபா-1 ஏற்பியிலும் ஒட்ட ஆரம்பிக்கிறது. இப்போது வாய்க்கால்கள் திறக்கின்றன, முன்மூளை சில நிமிடங்களிலேயே தொடர்பறுந்துபோகிறது. வேதிப்பொருள் ஒன்றுதான், அளவு மாறியதும் விளைவு தலைகீழ். முதன்முதலில் இதைப் படித்தபோது ரொம்ப நேரம் புத்தகத்தை மூடவே மனம் வரவில்லை.

1998ல் ஆர்ன்ஸ்டெனும் பட்ரிசியா கோல்ட்மன்-ரகிச்சும் குரங்குகளுக்குப் பலத்த இரைச்சலைக் கேட்க வைத்தார்கள். தீனி எந்தப் பள்ளத்தில் மறைத்து வைக்கப்பட்டது என்பதைச் சில நொடிகள் நினைவில் வைத்திருக்க வேண்டிய சோதனையில் அவை தடுமாறின. ஏற்கெனவே பழகிய அடையாளத்தைப் பார்த்து எடுக்கும் சோதனையில் தடுமாற்றம் இல்லை. (பங்குனிப் பொங்கல், பரீட்சை, கூம்பு ஸ்பீக்கர் மூன்றும் ஒரே மாதத்தில் வரும் ஊர்களில் இருப்பவர்கள் கவனிக்கவும்.)

'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்பவர்களுக்கும் விடை இங்கேயே இருக்கிறது. பயத்தில் பழக்கம் கெடுவதில்லை, அதனால் மிரட்டிப் படிக்க வைத்த வாய்ப்பாடு பரீட்சையிலும் வரும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால்தான் கை நிற்கும். அடித்த வாத்தியார் முகம் மட்டும் ஐம்பது வயதிலும் மறக்காது, ஏனென்றால் பயம் கிளப்பிவிடும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி அந்தக் காட்சியை ஆழமாகப் பதிய வைக்கும். 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு அடியையும் மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது, இரண்டாவது பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

சரி, பஸ்ஸில் எப்படி ஞாபகம் வந்தது? அதில் கார்ட்டிசாலுக்குப் பங்கு உண்டு. பயம் தொடங்கி ஏறக்குறைய அரை மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகும், அப்போது வாய்ப்பாடு போலப் பழக்கமாகிவிடாத நினைவை வெளியே எடுப்பது கடினம். 1998லேயே எலிகளிடம் இதைக் காட்டினார்கள். சோதனைக்கு அரை மணி நேரம் முன்பு மின் அதிர்ச்சி கொடுத்தபோது, ஏற்கெனவே கற்றுக்கொண்ட இடத்தைக் கண்டுபிடிக்கத் தடுமாறின. நான்கு மணி நேரம் முன்பு கொடுத்தபோது பாதிப்பில்லை. படித்தது அழியவில்லை, எடுக்கத்தான் முடியவில்லை. கார்ட்டிசால் இறங்கியதும் பஸ்ஸில் அது திரும்பி வருகிறது.

இனி உறவுக்கு வருவோம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னர் குழு, பிள்ளைகளைத் தெரியாதவர்கள் முன்னால் பேசவும் மனக்கணக்குப் போடவும் சொல்லி, உமிழ்நீரில் கார்ட்டிசாலை அளந்தது. பேச்சைத் தயாரிக்கும்போது அம்மாவோ அப்பாவோ கூட இருந்தால் 9, 10 வயதுப் பிள்ளைகளுக்குக் கார்ட்டிசால் ஏறவில்லை. 15, 16 வயதினருக்கு அந்தத் துணை பலிக்கவில்லை! பத்தாம் வகுப்புப் பிள்ளையின் வயது அதுதான். வாசலில் நாள் முழுக்கக் காத்திருக்கும் பெற்றோரை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. அந்த வயதில் பள்ளிக்கூடத்து உறவுகளின் பாரம் கூடுகிறது என்பது என் கணிப்பு. 2011ல் அமெரிக்க உளவியலாளர் ஜோசப் டர்லக்கின் குழு 213 பள்ளித் திட்டங்களை, 2,70,034 மாணவர்களை வைத்துச் சேர்த்துப் பார்த்தது. உணர்வுகளைக் கையாளவும் மற்றவர்களோடு ஒத்துப்போகவும் கற்றுக்கொடுத்த பள்ளிகளில் படிப்பிலும் சராசரியாக 11 சதமான இடங்கள், அதாவது நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் 11 இடங்கள், முன்னேற்றம் இருந்தது.

பிள்ளைகளிடம் நடந்த இந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து நடந்தவை. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஒரு அரசுப் பள்ளியில் திருப்புதல் தேர்வுக்கு முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுத்து அளக்க எவ்வளவு செலவாகிவிடும்? ஸ்மார்ட் போர்டு வாங்கும் பணத்தில் ஒரு துளி போதும் என்றுதான் தோன்றுகிறது. கயிற்றைப் பற்றிக் கேட்டால், நூலுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. ஆனால் அதைக் கட்டிவிடும்போது ஆத்தா தலையைத் தடவி நாலு வார்த்தை சொல்வாரே, அதை நிறுத்த வேண்டாம். மாத்திரைக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

அந்த அப்பாவுக்கு: நீங்களே போய் அந்தக் கணக்கு சாரைப் பாருங்கள், புகார் சொல்லப் போக வேண்டாம். மகள் பயப்படுகிறாள், ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கச் சொல்லுங்கள் என்று மட்டும் கேளுங்கள். பொதுத்தேர்வில் அறைக் கண்காணிப்பாளர் பெரும்பாலும் வேறு பள்ளிக்காரர், முகமே தெரியாது. பத்து மணிக்கு மணி அடிக்கும்முன் வாசலில் அந்த சார் நின்று "போம்மா, தெரிஞ்சதை எழுது" என்று சொன்னால் நல்லது. வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் முதல் பத்து நிமிடம் அறையில் யாரும் சத்தம் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.