கவிச்சி வாடை வந்தால் காட்டிவிடுங்கள்

ஐஸ் போடாத மீனில் கிளம்பும் கவிச்சிக்குக் காரணம் டிரைமெத்தில் அமைன். கர்ப்பிணிகள் சிலருக்கு வெள்ளைப்படுதலில் மீன் வாடை வருவதும் இதே பொருளால்தான். பாம்பன், மண்டபம் பக்கம் கருவாடும் வலையும் வீட்டோடு கிடப்பதால், அது தனியாகத் தெரியாமல் போகவும் கூடும்.

கர்ப்பத்தில் வெள்ளைப்படுவது பெரும்பாலும் இயல்பு. 'சூடு' என்று பயப்பட வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது பிறப்புறுப்பின் உட்சுவரில் சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜன் சேர்கிறது. அது உடைந்து கிடைக்கும் சர்க்கரையை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. அதனால் பிஎச் அளவு (குறையக் குறைய புளிப்பு அதிகம்) 3.8 முதல் 4.5 வரை இருக்கும், ஏறத்தாழ தயிரின் புளிப்பு. மற்ற கிருமிகள் அதில் பெருகுவது கடினம்.

லாக்டோபேசில்லஸ் குறைந்தால் கார்ட்னெரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகும். கவிச்சி வாடை தரும் இந்தப் பாதிப்புக்குப் பெயர் பாக்டீரியல் வஜைனோசிஸ். இவை சுரக்கும் சியாலிடேஸ் நொதி, கருப்பை வாயை அடைத்திருக்கும் சளியை அரிக்கிறது. கிருமி மேலேறி அழற்சி உண்டானால் பிரசவ வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் சுரந்து, 37 வாரம் நிறையும் முன்பே வலி எடுக்கலாம், பனிக்குடமும் உடையலாம். பாதிப்புள்ள பெரும்பாலோருக்கு உரிய நாளில்தான் பிரசவமாகிறது. ஆபத்து கூடுகிறது என்பதே உண்மை.

பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்க நான்கு அடையாளங்கள், மூன்று இருந்தால் போதும்: சீரான, நீர்த்த வெள்ளை; பிஎச் 4.5க்கு மேல்; 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் எழும் கவிச்சி; நுண்ணோக்கியில் ஐந்தில் ஒரு செல்லாவது பாக்டீரியா அப்பி ஓரம் மங்கித் தெரிவது. பிஎச் தாளைப் பிறப்புறுப்பின் பக்கச் சுவரில்தான் தொட வேண்டும். கருப்பை வாய்ச் சளி, ரத்தம், பனிக்குட நீர் எது பட்டாலும் அளவு தப்பாக ஏறும்.

வழக்கமான மருந்து மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், தினம் இருவேளை, 7 நாள். டாக்டர் எழுதித் தந்தால் மட்டும். மூன்றாம் நாளே வாடை போய்விட்டதென்று நிறுத்தினால், படலமாக ஒட்டியிருக்கும் கிருமி மறுபடி தலைதூக்கும். அரிப்போடு தயிர்த்திரள் போலப் பட்டால் அது பூஞ்சை. அதற்கு மருந்து வேறு. வஜைனோசிஸ் இருந்தும் தொந்தரவே இல்லாதவர்களுக்கு மருந்து தருவதால் லாபம் குறைவு. ஆபத்து குறைந்த கர்ப்பிணிகளிடம் பிரான்சில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் குறைப்பிரசவத்தைக் குறைக்கவில்லை.

உள்ளே சோப்பு, டெட்டால், உப்புத் தண்ணீர் எதுவும் விட்டுக் கழுவக் கூடாது. காக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். கடலில் பாசி எடுத்துக் கரையேறியதும் ஈரத்துணியை மாற்றி, நல்ல தண்ணீரால் வெளியே மட்டும் கழுவுங்கள். குடம் காசு கொடுத்து வாங்கும் ஊர்தான், ஆனாலும் ஒரு செம்பு போதும். மாதம் நிறையும் முன் தண்ணீராகக் கசிந்துகொண்டே இருந்தால், வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.