20 ஜிபி கோப்பின் கடைசிப் பத்து வரி

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாக் கோப்பு 20 ஜிபிக்கு வளர்ந்துவிட்டது. எடிட்டரில் திறந்தால் மெஷினே தொங்கிவிடுகிறது. கேட் கமாண்ட் போட்டால் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் டெயில் போட்டால் கடைசிப் பத்து வரி உடனே வந்து விழுகிறது. எது கடைசிப் பத்து என்று தெரிய முதலில் இருந்து எண்ணியாக வேண்டாமா?”

எண்ணத்தான் வேண்டும். ஆனால் முதலில் இருந்துதான் எண்ண வேண்டும் என்று யார் சொன்னது?

வட்டில் கிடக்கும் கோப்புக்கு வரி என்றால் என்னவென்றே தெரியாது. அது பைட்டுகளின் ஒரு நீண்ட வரிசை. வரி முடிகிற இடத்தில் 10 என்ற மதிப்புள்ள ஒரு பைட் இருக்கும், அவ்வளவுதான். மொத்தம் எத்தனை வரி, ஐயாயிரமாவது வரி எங்கே தொடங்குகிறது என்றெல்லாம் எங்கும் எழுதி வைத்திருக்காது. எத்தனை பைட் என்பது மட்டும் கோப்பின் ஐநோடில், அதாவது அதைப் பற்றிய விவரக் குறிப்பில், பதிவாகியிருக்கும். டெயிலுக்கு அந்த ஒரு எண் போதும்.

எல்சீக் என்றொரு சிஸ்டம் கால் உண்டு; ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலிடம் ஒரு நிரல் வைக்கும் கோரிக்கை. ‘அடுத்து நான் படிக்கப்போவது இந்த இடத்திலிருந்து’ என்று கர்னலிடம் சொல்வது அதன் வேலை. 20 ஜிபியைத் தாண்டிக் கடைசிக்குப் போ என்றாலும் வட்டில் எதுவும் படிக்கப்படுவதில்லை. கர்னல் தன் குறிப்பில் ஓர் எண்ணை மாற்றிக்கொள்கிறது. நம்மூர் ஆபரேட்டிங் சிஸ்டம் தாள்களில் இது இரண்டு மார்க் கேள்வியாகச் சுருங்கிக் கிடப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, கடைசிக்கு வந்தாயிற்று. இனி டெயில் பின்னோக்கி நடக்கிறது. லினக்ஸில் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் குனு டெயில் நெடுங்காலமாக 8192 பைட் கட்டுகளாகப் படித்து வந்தது. கோப்பு 20,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த எடுப்பில் கடைசி 8192-ஐ அது கேட்பதில்லை. 20,000-ஐ 8192-ஆல் வகுத்தால் மீதி 3616. முதலில் அந்த 3616 பைட்டை மட்டும் எடுக்கிறது. அப்படி எடுத்தால் அதற்கு முந்தைய கட்டுகள் எல்லாம் 8192-இன் மடங்குகளில் சரியாக உட்கார்ந்துகொள்ளும். வட்டும் கர்னலும் படிக்க விரும்பும் எல்லைகள் அவை.

எடுத்த கட்டுக்குள் கடைசி பைட்டிலிருந்து பின்னோக்கி 10 என்ற மதிப்பைத் தேடுகிறது. பத்து வரிக்குப் பதினோராவது 10 கிடைக்கும் வரை தேட வேண்டும்; ஏனென்றால் கோப்பின் கடைசி பைட்டாக இருக்கும் 10, கடைசி வரியையே முடித்து வைக்கும் குறி. அது இல்லாமல் கோப்பு பாதியில் நின்றிருந்தால் பத்தாவதிலேயே நின்றுவிடலாம். இந்த ஒரு விஷயத்துக்கு மூலநிரலில் தனி நிபந்தனையே இருக்கிறது. கிடைத்த இடத்துக்கு அடுத்த பைட்டிலிருந்து கடைசிவரை அச்சிட்டால் வேலை முடிந்தது. வரிக்கு 150 பைட் என்றால் 3616 பைட்டுக்குள்ளேயே 24 வரி இருக்கும்; இரண்டாவது கட்டைத் தொடவே வேண்டாம். 20 ஜிபியில் மிச்சமெல்லாம் வட்டில் அசையாமல் கிடக்கும்.

எனக்கு இதில் பிடித்ததே இனிமேல்தான். பின்னாலிருந்து வரும்போது கண்ணில் படும் 10 உண்மையிலேயே வரி முடிவுதானா, ஏதாவது தமிழ் எழுத்தின் நடுப்பகுதியா? எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்பது 224, 174, 133 என்று மூன்று பைட். இந்த முறையில் ஆங்கில எழுத்து, எண், குறிகள் அடங்கிய பழைய ஆஸ்கி தொகுப்பில் இல்லாத எதை எழுதினாலும் அதன் ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது அதற்கு மேல்தான் இருக்கும். ஆகவே 10 வந்தால் அது வரி முடிவேதான், எந்தத் திசையிலிருந்து வந்தாலும். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில் இந்த முறையை வகுத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரே தாம்சன் என்பதால், பழைய கருவிகள் உடையாமல் இருக்க வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது.

இன்னொரு முறையான யூடிஎஃப்-16-இல் எழுதிய கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். அதில் குஜராத்தி எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பைட் 10 என்றே இருக்கும். பஞ்சாபியின் குர்முகியும் அப்படியே. டெயில் பாவம், எழுத்துக்கு எழுத்து வரி முடிந்ததாக எண்ணிவிடும். தமிழுக்கு அந்த இடத்தில் 11. மயிரிழையில் தப்பினோம்.

வரிக்கணக்கை விட்டுப் பைட் கணக்கில் கேட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ‘தமிழ்’ என்று மட்டும் எழுதிய கோப்பு, வரி முடிவோடு சேர்த்து 16 பைட். கடைசி 10 பைட் கேட்டால் ‘மி’யின் ம-வை விட்டுவிட்டுக் கொக்கியை மட்டும் ‘ழ்’ முன்னால் போட்டுத் தரும். 9 கேட்டால் தொடக்கத்திலேயே குப்பை.

எல்சீக் எல்லா இடத்திலும் செல்லாது. ஒரு கமாண்டின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் பைப் வழியாக வரும் தரவில் முன்னே பின்னே போக வழியில்லை. அப்போது டெயில் முழுவதையும் படித்துத்தான் தீர வேண்டும். கடைசிச் சில கட்டுகளை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பழையதைக் கழித்துக்கொண்டே வரும். கேட் போட்டுப் பைப் வழியாக டெயிலுக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜிசிப்பில் சுருக்கிய பழைய லாக் மெதுவாக வருவதும் இதனால்தான்: அதை முதலில் இருந்துதான் விரிக்க முடியும்.

சில அலுவலகங்களில் சர்வர் நின்றால் யாரும் லாக் பார்ப்பதில்லை. ரீஸ்டார்ட். அப்புறமும் நின்றால் மறுபடி ரீஸ்டார்ட். ரேக்கில் கட்டிய எலுமிச்சம்பழத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. எதனால் நின்றது என்று பெரும்பாலும் அந்தக் கடைசிப் பத்து வரியிலேயே எழுதியிருக்கும்.

ஓடும் லாக்கைப் பின்தொடர டெயிலோடு மைனஸ் எஃப் போடுகிறோம். முன்பெல்லாம் டெயில் ஒரு விநாடி தூங்கும், எழுந்து கோப்பு வளர்ந்ததா என்று பார்க்கும், மறுபடி தூங்கும். 2005-இல் லினக்ஸ் கர்னலுக்குள் ஐநோட்டிஃபை வந்தது. 2009-இல் குனு டெயில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. இப்போது கோப்பு மாறியதும் கர்னலே தட்டி எழுப்பும்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. நள்ளிரவில், பழைய லாக்கை ஒதுக்கி வைக்கும் லாக்ரொட்டேட் என்ற நிரல் வந்து கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் புதியதைத் தொடங்கி வைக்கும். சின்ன எஃப் பிடித்திருப்பது பெயரை அல்ல, திறந்த கோப்பை. பெயர் மாறிய பழைய கோப்பையே பார்த்துக்கொண்டு விடியும்வரை சும்மா நிற்கும். கேப்பிடல் எஃப் பெயரைப் பிடித்திருப்பதால், அந்தப் பெயரில் புதுக் கோப்பு வந்ததும் அதற்குத் தாவிவிடும். லாக் பார்க்கத்தான் என்றால் கேப்பிடலே போடுங்கள்.