தலைகீழ் ‘க’வும் பெண்கள் பள்ளியும்

தக்கலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மகள் இருபாலர் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பிளஸ் ஒன்னுக்குப் பெண்கள் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று தாய்மாமன் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். “ஆம்பிளப் பிள்ளைகளுக்கும் பொம்பளப் பிள்ளைகளுக்கும் மூளையே வேற, சேத்து வச்சுப் படிப்பிச்சா ரெண்டும் உருப்படாது” என்று ஏதோ கூட்டத்தில் கேட்டு வந்திருக்கிறார். உண்மையா?

மூளையின் அளவை முதலில் முடித்துவிடுவோம். ஆண் மூளை சராசரியாகச் சுமார் 10 சதவீதம் பெரியது. ஆணின் உடம்பும் பெரியதுதானே. 2015இல் இஸ்ரேலின் டாஃப்னா ஜோயல் குழு 1,400க்கும் மேற்பட்ட மூளைகளின் ஸ்கேன்களை அலசியது. பகுதி பகுதியாகப் பார்த்தால் சராசரி வேறுபாடு உண்டு. ஆனால் எல்லாப் பகுதிகளும் ஆண் பக்கமாகவோ பெண் பக்கமாகவோ மட்டும் சாய்ந்த மூளை அபூர்வம், பெரும்பாலானவை கலவை. கணக்குப் பாடத்தில்? ஜேனட் ஹைட் குழு 2008இல் அமெரிக்காவின் 10 மாநிலங்களில் 70 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களின் மதிப்பெண்ணைப் பார்த்தது. வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டி. நம் பிளஸ் டூ தேர்ச்சியில் (2024) மாணவிகள் 96.44, மாணவர்கள் 92.37 சதவீதம். இதை வைத்துப் பையன்களின் மூளையை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆனாலும் மாமாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கிளை இருக்கிறது. அது எனக்கும் பிடித்த கிளை: உருவங்களை மனசுக்குள் திருப்பிப் பார்க்கும் திறமை, மனச்சுழற்சி.

நோட்டுத்தாளில் பெரிதாக ஒரு ‘க’ எழுதுங்கள். தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் தெரியும் கோட்டின் மேலேயே வரைந்தால் கண்ணாடி ‘க’ கிடைக்கும். ஏதோ ஒரு பக்கத்தைச் சாய்த்துக் காட்டி, இது சரியான ‘க’வா, கண்ணாடி ‘க’வா என்று வீட்டில் யாரிடமாவது கேளுங்கள். லேசாகச் சாய்ந்திருந்தால் டக்கென்று சொல்வார்கள். தலைகீழாகக் காட்டினால் ஒரு கணம் திணறுவார்கள். சிலருக்குக் கழுத்தே சாயும்.

அந்த ஒரு கணத்தை 1971இல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் அளந்தார்கள். சதுரக் கட்டைகளை ஒட்டிச் செய்தது போன்ற உருவங்களை ஜோடி ஜோடியாகக் காட்டி, இரண்டும் ஒன்றா என்று கேட்டார்கள். ஒன்றுக்கொன்று எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறதோ அதற்கேற்றாற்போல் பதில் சொல்லும் நேரமும் கூடியது. வரைபடத் தாளில் போட்டால் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு! வினாடிக்குச் சுமார் 60 டிகிரி. மனம் உருவத்தைச் சுழற்றித்தான் பார்க்கிறது. 180க்குப் போக வேண்டுமென்றால் நடுவில் 90ஐத் தாண்டியாக வேண்டும்.

இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. 1989இல் ஜியார்கோபுலஸ் குழு ஒரு குரங்குக்குப் பயிற்சி கொடுத்தது: விளக்கு எரியும் திசைக்கு 90 டிகிரி தள்ளி, இடஞ்சுழியாகக் கையை நகர்த்த வேண்டும். மூளையில் கையசைவைக் கவனிக்கும் பகுதியில் ஒவ்வொரு நியூரானுக்கும் பிடித்த திசை ஒன்று உண்டு. அத்தனை நியூரான்களின் துடிப்பையும் கூட்டினால் ஓர் அம்புக்குறி கிடைக்கும். அந்த அம்பு முதலில் விளக்கைப் பார்த்தது. பிறகு, கை அசைவதற்கு முன்பே, படிப்படியாகச் சுழன்று வந்து சரியான திசையில் நின்றது. வெளியே ஒன்றுமே நகரவில்லை. உள்ளே ஒரு திசை திரும்புகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அறிவுத்திறன் சோதனைகளில் ஆண், பெண் இடைவெளி பெரிதாகத் தெரியும் இடங்களில் இந்த மனச்சுழற்சியும் ஒன்று. எவ்வளவு பெரிது? குலுக்கல் முறையில் ஓர் ஆண், ஒரு பெண் என்று 100 ஜோடிகளை எடுத்தால் ஏறக்குறைய 66இல் ஆண் முந்துவார், 34இல் பெண் முந்துவார். இதை வைத்து வகுப்பைப் பிரித்தால் மூன்றில் ஒரு ஜோடி தவறான அறையில் உட்கார்ந்திருக்கும். போதாததற்கு, இது பழகினால் வரும் திறமை. 2013இல் அட்டல் குழு 217 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இடஞ்சார் திறன் (உருவம், இடம், திசையை மனசில் கையாளும் திறன்) பயிற்சியால் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூடுவது தெரிந்தது.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு ஆய்வு ருசிக்கும். மேகாலயாவின் காசி மக்களிடம் சொத்து பெண் வழி போகும். அருகிலேயே வாழும் கர்பி மக்களிடம் ஆண் வழி. 2011இல் மோஷே ஹாஃப்மன் குழு இரு தரப்பிலும் 1,200க்கும் மேற்பட்டோரிடம் நாலு துண்டுப் படப்புதிர் ஒன்றைக் கொடுத்து நேரம் பார்த்தது. கர்பி ஆண்கள் பெண்களை முந்தினார்கள். காசி மக்களிடம் அந்த இடைவெளியே இல்லை. பெண்களின் படிப்புக்கும் இதில் பங்கு இருந்தது. சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகும் மருமக்கள் வழி வழக்கத்தில் இருந்த காலத்தில் இங்கே யாராவது இப்படி அளந்திருந்தால் என்ன வந்திருக்குமோ!

சரி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக நடத்தும் தனிப்பள்ளி? 21 நாடுகளின் 184 ஆய்வுகளை, 16 லட்சம் மாணவர்களை, 2014இல் பால்கே, ஹைட், ஆலிசன் மூவரும் தொகுத்தார்கள். மேலோட்டமான ஒப்பீட்டில் தனிப்பள்ளிகள் கொஞ்சம் மேலே. யார் வீட்டுப் பிள்ளை, முதலிலேயே எப்படிப் படித்தது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்தால் அந்த மேன்மை கரைந்துவிடுகிறது. எதிர்ச்சாட்சியும் உண்டு. தென்கொரியாவின் சியோலில் ஆய்வு நடந்த காலத்தில் மேல்நிலைப்பள்ளி குலுக்கலில்தான் கிடைத்தது. அங்கே தனிப்பள்ளிக்குப் போனவர்கள் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் பையன்களும் எடுத்தார்கள், பெண்களும் எடுத்தார்கள். ஒரே முறைத் தேர்வு, ஒரே பாடத்திட்டம். இதில் ‘வேறு மூளை’ எங்கே வந்தது?

நாகர்கோவிலில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கென்று பள்ளி நடத்தியதற்குக் காரணம் மூளை இல்லை. வேறு எப்படியும் பெண்பிள்ளைகள் படிக்க வந்திருக்க மாட்டார்கள். அவர் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலைப் பாருங்கள்: திண்டில் குத்திய ஊசிகளைச் சுற்றி ஜோடி ஜோடியாக நூல்கண்டுகளை இடம் மாற்றி, முறுக்கி, எந்த நூல் எங்கே வந்து சேரும் என்பதை முன்கூட்டியே மனசில் ஓட்ட வேண்டும். மனச்சுழற்சிக்கு இதைவிட என்ன பயிற்சி வேண்டும்?

என் ஆற்றாமை வேறு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண்கள் லட்சக்கணக்கில் ஆண்டுதோறும் அரசிடம் சேர்கின்றன. பெயரை நீக்கிவிட்டுப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்து, நாலு ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தால் இந்தக் கேள்விக்கு நம்மூர்ப் பதிலே கிடைக்கும். அதற்குப் பணமில்லை. விரல்ரேகை பார்த்து “உங்க பிள்ளைக்கு இடது மூளை” என்று சொல்லும் டிஎம்ஐடி சோதனைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கப் பெற்றோரிடம் பணமிருக்கிறது. அதற்கும் கைரேகை ஜோசியத்துக்கும் வித்தியாசம் கம்ப்யூட்டர் பிரிண்ட் மட்டும்தான்.

வாசகிக்கு: அந்தப் பெண்கள் பள்ளியில் மகள் கேட்கும் குரூப் இருக்கிறதா, லேபில் பிள்ளைகள் கையால் செய்கிறார்களா, டீச்சர் செய்வதை வேடிக்கை பார்க்கிறார்களா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் விட்டபின் தக்கலைக்கு பஸ் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடிவை மகளிடம் கேளுங்கள்.