பஞ்சப்படியை விட்டுக்கொடுக்கும் முன் ஒரு நிமிஷம்: ஓசூர் தொழிலாளர்களுக்கு

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் இன்னொரு கம்பெனியின் தொழிலாளர்கள் போன வாரம் ஒரு ஒப்பந்த நகலோடு வந்தார்கள். வழக்கம்போல, கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு. பஞ்சப்படி உயர்வு நிறுத்தம், இன்சென்டிவ் பாதி, ஓடிக்கு (ஓவர்டைமுக்கு) ஒற்றைச் சம்பளம். எத்தனை நாளைக்கு என்று அதில் இல்லை. கம்பெனி மீண்டால் என்ன திரும்பக் கிடைக்கும் என்றும் இல்லை. ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். "கம்பெனி நிக்கணும்ல சார். நாம விட்டுக்கொடுத்தா கவர்மென்ட்டும் கை கொடுக்கும்னு எச்ஆர் சொன்னார். அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸை அப்படித்தானே காப்பாத்துனாங்க?"

தொழிலாளர் வழக்கு நடத்துகிற எனக்கு இந்தப் பதில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சரி, அமெரிக்காவில் உண்மையில் என்ன நடந்தது என்பதையே எழுதிவிடுகிறேன்.

2008இல் பெட்ரோல் விலை உச்சத்துக்குப் போனது. பெரிய வண்டிகளை நம்பியிருந்த கம்பெனிகள் தடுமாறின. அப்புறம் வங்கிகள் முடங்கி, வண்டி வாங்கக் கடன் கிடைக்காமல் போனது. அந்த ஒரே வருஷத்தில் அமெரிக்காவின் பெரிய கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் நஷ்டம் 3,090 கோடி டாலர். கார் கம்பெனிகளுக்கான உதவி மசோதா டிசம்பரில் அமெரிக்க மேலவையான செனட்டில் விழுந்தது. அடுத்த வாரமே அதிபர் புஷ், வங்கிகளுக்காக ஒதுக்கிய நிதியிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கும் இன்னொரு கார் கம்பெனியான கிரைஸ்லருக்கும் 1,740 கோடி டாலர் கடன் அறிவித்தார்.

மசோதா ஏன் விழுந்தது? ஜப்பான் கம்பெனிகளின் அமெரிக்க ஆலைகளில் என்ன கூலியோ அந்த அளவுக்கு உங்கள் கூலியை உடனே இறக்குங்கள் என்று சில செனட்டர்கள் பிடிவாதம் பிடித்தார்கள், யூனியன் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது பரவியதுதான் "அங்கே தொழிலாளிக்கு மணிக்கு 70 டாலர்" என்ற பேச்சு. பதினைந்து வருஷம் தாண்டியும் ஓசூரில் பேச்சுவார்த்தை மேஜையில் இதைச் சொல்கிறார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். எந்தத் தொழிலாளியும் மணிக்கு 70 டாலர் வாங்கவில்லை. பழைய ஆட்களின் கூலி மணிக்குச் சுமார் 28 டாலர். அதோடு பணியில் இருப்பவரின் பிஎஃப் மாதிரியான செலவுகள், அதற்கும் மேலே, வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆன லட்சக்கணக்கான ஓய்வூதியர்களின் பென்ஷன், மருத்துவச் செலவு, இவ்வளவையும் கூட்டி, இன்று வேலை செய்கிறவர்களின் மணி நேரத்தால் வகுத்தார்கள். 70 வந்தது. ஆலையைப் பாதியாகச் சுருக்கினால், அதே ஓய்வூதியர் செலவைக் குறைந்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும், எண் இன்னும் ஏறும். ஒருவருக்கு ஒரு பைசா கூலி உயராமலே தொழிலாளி "விலை உயர்ந்தவர்" ஆகிவிடுவார்.

இதே வித்தை இங்கேயும் நடக்கிறது. "ஒரு ஆளுக்கு மாசம் நாற்பதாயிரம் ஆகுது" என்று நிர்வாகம் ஒரு தாளைக் காட்டும். அதைப் பிரித்துப் பாருங்கள். கேன்டீன், கம்பெனி பஸ், யூனிஃபார்ம், நிர்வாகத்தின் பிஎஃப் பங்கு, இஎஸ்ஐ, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கியது எல்லாம் உள்ளே இருக்கும். பாலக்கோட்டிலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும் பஸ்ஸில் வந்து போகிறவரின் கையில் கிடைப்பது வேறு. தாளைக் கண்டு கூச்சப்படாதீர்கள். வரி வரியாகக் கேளுங்கள். மொத்த உற்பத்திச் செலவில் கூலி எத்தனை சதவீதம், மூலப்பொருள் எத்தனை, வட்டி எத்தனை என்றும் கேளுங்கள். இதைக் கேட்காமல் எந்தக் குறைப்புக்கும் தலையாட்டக் கூடாது.

இப்போது விட்டுக்கொடுத்த கதை. அமெரிக்க ஆட்டோ தொழிலாளர் சங்கம் நிறையவே விட்டுக்கொடுத்தது. 2007 ஒப்பந்தத்திலேயே புதிதாகச் சேர்பவருக்கு ஏறக்குறைய பாதிக் கூலி என்று இரண்டு தட்டாகப் பிரித்துவிட்டார்கள். 2009இல் விலைவாசிப் படியும் நின்றது. அதாவது நம்ம பஞ்சப்படி. கம்பெனி மீளும்வரை என்றுதான் நினைத்தார்கள். அது திரும்பி வந்தது 2023 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. 14 வருஷம். இத்தனைக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் 2010லேயே லாபத்துக்கு வந்துவிட்டது. "நிலைமை சரியானதும் பார்த்துக்கலாம்" என்று உங்களிடம் சொல்லும்போது இந்த 14ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர்கள் சும்மா விட்டுவிடவில்லை. ஓய்வூதியரின் மருத்துவ நிதிக்குக் கம்பெனி தர வேண்டிய பணத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் 2009இல் திவாலுக்குப் போய்ப் புதிதாக அமைந்த ஜெனரல் மோட்டார்ஸில் 17.5 சதவீதப் பங்கை அந்த நிதி வாங்கிக்கொண்டது. அரசும் அப்படித்தான். ஏறத்தாழ 4,950 கோடி டாலர் போட்டதற்கு 60.8 சதவீதப் பங்கு வாங்கியது, தலைமை அதிகாரியை மாற்ற வைத்தது. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்றபோது 1,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றாலும், கொடுத்த பணத்துக்கு எதையாவது எழுதி வாங்கியது. அதற்கு முன் 1979-80இல் கிரைஸ்லர் விழும் நிலையில் இருந்தபோது, கூலியை விட்டுக்கொடுத்த சங்கத்தின் தலைவர் டக்ளஸ் ஃப்ரேசருக்குக் கம்பெனியின் இயக்குநர் குழுவிலேயே இடம் கிடைத்தது. நீங்கள் விட்டுக்கொடுக்கும் சம்பளம் கம்பெனிக்கு நீங்கள் தரும் கைமாத்து. வங்கி பத்திரம் இல்லாமல் தருமா?

ஓசூர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது டெல்ஃபி கதை. ஜெனரல் மோட்டார்ஸின் உதிரிபாகப் பிரிவை 1999இல் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள், அதுதான் டெல்ஃபி. 2005இல் திவால். 2009இல் அதன் பென்ஷன் திட்டங்கள் அரசுக் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயின, அங்கே தருவதற்கு உச்சவரம்பு உண்டு. மணிக்கூலித் தொழிலாளர்களுக்கு விடுபட்ட தொகையை ஜெனரல் மோட்டார்ஸ் போட்டுக் கொடுத்தது. ஏன்? 1999லேயே சங்கம் அதற்கு எழுத்தில் உத்தரவாதம் வாங்கி வைத்திருந்தது. அதே ஆலையில் வேலை பார்த்த சூப்பர்வைசர்கள், இன்ஜினியர்கள் சுமார் 20,000 பேருக்கு அப்படி எந்தத் தாளும் இல்லை. பலருக்குப் பென்ஷன் பெரிய அளவில் வெட்டுப்பட்டது. வருஷக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்துவிட்டது. அவ்வளவு பெரிய மீட்பு நடந்த அதே வருஷத்தில், அதே தொழிலில், ஒரு தாள் இல்லாததால் கைவிடப்பட்டவர்கள் இவர்கள்.

அரசாங்கம் கை கொடுக்கும் என்கிறீர்களே, இங்கே யாருக்குக் கொடுத்தது? ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்து, அடுத்த ஜூலையில் மறைமலைநகரில் வண்டி செய்வதை நிறுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸே 2017இல் குஜராத்தின் ஹலோல் ஆலையையும் 2020 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் தலேகாவ் ஆலையையும் நிறுத்தியது. மீட்புப் பணம் எதுவும் வரவில்லை. நம் நாட்டில் தொழிலுக்கு உதவி வருவது வரிக் குறைப்பாகவோ, உற்பத்தி ஊக்கத் தொகையாகவோதான். அது பெரிய கம்பெனிக்குப் போகும், அதற்கு போல்ட்டும் பிராக்கெட்டும் செய்கிற உங்கள் ஷெட்டுக்கு வந்து சேரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அமெரிக்காவிலேயே உதிரிபாகக் கம்பெனிகளுக்கென்று அறிவித்த 500 கோடி டாலர் திட்டத்தில், பெரிய கம்பெனிகள் யாரைத் தேர்ந்தெடுத்தனவோ அவர்களுக்குத்தான் பணம் போனது.

ஆகவே, தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி இருக்க வேண்டும். லாபம் வந்தால் வெட்டியது எப்படித் திரும்பும் என்ற வரி இருக்க வேண்டும். வெட்டு காலத்தில் ஆட்குறைப்பு இல்லை, மெஷின் வேறு ஊருக்குப் போகாது என்று எழுத வேண்டும், மேலதிகாரிகளின் சம்பளமும் குறைகிறதா என்பதும் அதில் தெரிய வேண்டும். உங்கள் குழுவும் நிர்வாகமும் தனியறையில் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் வேறு, சமரச அதிகாரி முன்னால் போடுவது வேறு. சமரச அதிகாரி முன்னால் போடுவதைத்தான் லேபர் ஆபீஸில் எல்லோரும், பழைய தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவை வைத்து, "பன்னெண்டு மூணு" என்பார்கள், அது எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும், அதை உடைப்பது கடினம். எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று தெரியாமல் போடாதீர்கள். ஓடிக்கு ஒற்றைச் சம்பளம் என்று யார் எழுதினாலும் செல்லாது, சட்டம் இரட்டை என்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். போடவே போடாதீர்கள்.

இன்னொன்று. 2025 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், ஆலையை மூட அரசின் முன் அனுமதி 300 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம் என்று வரம்பை உயர்த்திவிட்டார்கள். முன்பு 100. சிப்காட்டின் பெரும்பாலான உதிரிபாக யூனிட்கள் இப்போது அதற்குக் கீழே வந்துவிடும். "திடீர்னு மூட முடியாது சார்" என்று இனியும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒவ்வொரு மாதமும் பிஎஃப் பாஸ்புக்கைப் போனில் பாருங்கள். பிடித்த மாதத்துக்கு அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டியிருக்க வேண்டும். இரண்டு மாதம் வரவில்லையென்றால் கம்பெனி தள்ளாடுகிறது என்று அர்த்தம், ஒப்பந்தப் பேச்சு வரும்வரை காத்திருக்காமல் அன்றே புகார் கொடுங்கள். கம்பெனி திவால் நடைமுறைக்குப் போனால் பேப்பரில் அறிவிப்பு வரும், அதில் ஒரு கெடு இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் யாராவது அனுப்புவார்கள் என்று இருக்காதீர்கள். பாக்கிச் சம்பளத்துக்கு ஒவ்வொருவரும் ஃபார்ம் டி கொடுக்க வேண்டும், குழுவாகக் கொடுப்பதென்றால் ஃபார்ம் இ. கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்கும் நிலைக்கு வந்தால் தொழிலாளியின் 24 மாத பாக்கிக்கு, அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கிகளோடு சமமான வரிசை உண்டு. சூப்பர்வைசருக்கும் ஆபீஸ் ஊழியருக்கும் 12 மாத பாக்கிதான், அதுவும் அடுத்த வரிசையில். சூப்பர்வைசர் தம்பிகளே, நீங்கள் யூனியனில் இல்லை என்பதால் உங்கள் பாக்கியை யாரும் எழுதித் தரமாட்டார்கள். சம்பளச் சீட்டு, நியமன உத்தரவு, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் இன்றைக்கே ஒரு கவரில் போட்டு வீட்டில் வையுங்கள். ஒப்பந்த நகலைக் கையெழுத்துக்கு முந்தின நாள் கொண்டுவாருங்கள். ராத்திரி பத்து மணியானாலும் படித்துச் சொல்கிறேன், அதற்கு ஃபீஸ் கிடையாது.