பரமபதக் கட்டத்தில் கேள்வி எழுதினால் போதுமா?

இந்த செமஸ்டரில் மூன்றாவது முறையாக, சார்ட் பேப்பரில் வரைந்த பரமபதப் பலகை ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. கட்டத்துக்குக் கட்டம் பாடக் கேள்வி. சரியான விடைக்கு ஏணி, தவறினால் பாம்பு. வடசென்னைக் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பிக்கும் நான், இதனை விளையாட்டு வடிவமைப்பு வழிக் கற்பித்தல் (மாணவரே ஆட்டம் ஒன்றை உருவாக்கிப் பாடம் கற்பது) என்று ஆண்டறிக்கையில் சேர்ப்பதை இனியும் ஏற்பதற்கில்லை.

அந்தப் பலகையில் மாணவர் எடுக்கும் முடிவு ஒன்றுகூட இல்லை. தாயக்கட்டை விழுந்தபடி காய் நகர்கிறது. கேள்வி வந்தால் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார். பாம்பையும் ஏணியையும் நீக்கினால் எஞ்சுவது வகுப்புத் தேர்வுதான். கேள்விகளை மாற்றினால் அதிலேயே வேதியியலையும் நடத்தலாம், வரலாற்றையும் நடத்தலாம். பாடம் விதிகளுக்குள் இருக்க வேண்டும். நிலத்தை வளைத்துப்போட்டவர் வாடகையாலேயே கொழுப்பதை, ஆடுபவர் தம் கைக்காசு கரையும்போது உணரும்படி அமெரிக்கரான எலிசபெத் மேகி ஒரு பலகை ஆட்டத்துக்கு விதி அமைத்து, 1904இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நிலம் வாங்கி வாடகை வசூலிக்கும் மோனோபொலி ஆட்டம் அதன் வழி வந்ததே.

விதிகளை மாணவரே எழுத வேண்டும் என்பதுதான் இம்முறையின் உயிர். காசிமேட்டுப் பக்கத்து மாணவர் குழு ஒன்று, நாற்பது புளியங்கொட்டைகளைக் கடல் மீனாக வைத்தது. படகுகள் நான்கு, பருவத்துக்குப் படகு ஒன்று ஐந்து வரை எடுக்கலாம், எஞ்சியதில் பாதி, நாற்பதைத் தாண்டாமல், புதிதாகச் சேரும். ஆளுக்கு மூன்று எடுத்திருந்தால் கடல் வற்றியே இராது. நாம் விட்டதை அடுத்தவர் அள்ளுவார் என்று நால்வரும் ஐந்தைந்து எடுக்க, மூன்றாம் பருவத்தில் கடல் காலி. வகுப்பே அமைதியானது. பொதுவளத்தின் அழிவு பற்றி 1968இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதியதை நான் கரும்பலகையில் விளக்கியபோதுகூட அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. பிறகு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடையை விதியாகச் சேர்த்தார்கள். படகுத் தொழிலாளியின் மகள் ஒருத்தி, "அந்த ரெண்டு மாசம் வீட்டுல உலை எப்படி வைக்கிறது?" என்று கேட்டாள். தடைக்காலத்தில் படகுக்காரருக்கு உதவும் நிவாரண அட்டை ஆட்டத்தில் அப்படித்தான் பிறந்தது. சமூகங்கள் தாமே விதி வகுத்துப் பொதுவளம் காப்பது பற்றிய எலினோர் ஆஸ்ட்ரமின் ஆய்வுக்குள் (2009இல் நோபல் பரிசு பெற்றவர்) அவர்கள் நுழைந்தது அந்தக் கேள்வி வழியாகத்தான்.

ஆகவே, இதைக் கடைசி வாரத்து ஒப்படைப்பாகத் தராதீர்கள். ஆடிப்பார்த்து விதியைத் திருத்த மூன்று பாடவேளைகளாவது வேண்டும். தெர்மாகோல் அலங்காரத்துக்கும், ஆட்டத்தில் வென்றவருக்கும் அகமதிப்பெண் தராதீர்கள். எந்த விதியை ஏன் மாற்றினோம் என்று அவர்கள் எழுதும் குறிப்புக்குத் தாருங்கள். கணினி ஆய்வகம் இல்லையே என்று தயங்கும் ஆசிரிய நண்பர்களை, ஒருபிடிப் புளியங்கொட்டையோடு ஒருமுறை வகுப்புக்குச் சென்று பாருங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.