பிள்ளை காணாமல்போய் முப்பது வருடம் ஆனாலும், பெற்றோரின் டி.என்.ஏ. மாதிரி கையில் இருக்க வேண்டும்

குழந்தை தொலைந்து இருபது, முப்பது வருடம் கடந்தபின் எங்கள் மரபணு ஆய்வகத்துக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது, “இனிமே என்னங்க பண்ண முடியும்?” என்றுதான். பண்ண முடிந்தது இருக்கிறது. முதல் வேலை, பெற்றோரின் டி.என்.ஏ. மாதிரியை எடுப்பது. அதற்கு ஒரு நிமிடம் போதும். கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் நன்றாகத் தேய்த்து எடுப்போம். ஊசி இல்லை, வலி இல்லை. குச்சியைக் காயவிட்டுக் காகித உறையில் போடுவோம். பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் பலரும் சம்மதிப்பதில்லை. ஒரு அம்மா, குச்சியைப் பார்த்ததுமே வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கூட வந்த மகள் எவ்வளவோ கெஞ்சியும் திறக்கவில்லை. கடைசியில், “எலும்போட ஒத்துப் பாக்கத்தானே கேக்குறீங்க? என் பிள்ளை உசுரோட இருக்கான்” என்றார். மாதிரி கொடுத்தால் மகன் இறந்துவிட்டான் என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது அவர் பயம். எத்தனையோ குடும்பங்களில் பார்த்த பயம் இது. எனக்கு அது நன்றாகவே புரிகிறது. ஆனால் உயிரோடு இருக்கும் பிள்ளையை அடையாளம் காணவும் இதே மாதிரிதான் வேண்டும்.

1951 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரப் பூங்காவில் அண்ணனோடு விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுவனை, மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு பெண் கூட்டிப்போனாள். நாட்டின் மறுகோடியில் ஒரு தம்பதி அவனைத் தங்கள் மகனாகவே வளர்த்தார்கள். 2020இல் அவருடைய சகோதரியின் மகள் சும்மா ஒரு ஆர்வத்தில் டி.என்.ஏ. சோதனை செய்து பார்க்க, முன்பின் தெரியாத ஒருவர் நெருங்கிய உறவு என்று வந்தது. காணாமல்போன மாமாதான் அவர் என்று 2024இல் உறுதியானது. இடையில் 73 வருடம் ஓடிவிட்டது. அவர் ராணுவத்திலும் தீயணைப்புத் துறையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றிருந்தார். அண்ணனும் தம்பியும் சந்தித்துக்கொண்டார்கள். அதே வருடம் அண்ணன் காலமானார். மகன் எங்கோ இருக்கிறான் என்று கடைசிவரை நம்பிய அம்மா 2005இலேயே போய்விட்டார்.

என்னை உறுத்துவது இந்தக் கடைசி விஷயம்தான். வழக்கு மூடப்படாமல் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம், பெற்றோர் இருக்க மாட்டார்கள். 1966 ஜனவரி 26 அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், கிளெனெல்க் கடற்கரைக்கு பஸ் ஏறிப்போன பியூமாண்ட் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் திரும்பவே இல்லை. வயது 9, 7, 4. நெதர்லாந்திலிருந்து ஞானதிருஷ்டிக்காரர் ஒருவர் வந்து கைகாட்டிய இடத்தைப் பின்னர் தோண்டிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. பிள்ளை எழுதியதுபோல் வீட்டுக்குக் கடிதம் வந்தது. வேண்டுமென்றே யாரோ எழுதிய பொய்க் கடிதம் என்று பல வருடம் கழித்துத் தெரிந்தது. 2025 பிப்ரவரியில்கூடப் பழைய தொழிற்சாலை வளாகம் ஒன்றில் தோண்டினார்கள். அம்மா 2019இலும் அப்பா 2023இலும் இறந்துவிட்டிருந்தார்கள்.

சரி, பெற்றோருடைய மாதிரிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பிள்ளையின் டி.என்.ஏ.யில் பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருகிறது. இருவரின் மாதிரியும் இருந்தால் ஒருவர் இவர்களுடைய பிள்ளையா, இல்லையா என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அண்ணன், தங்கை மட்டும் என்றால் கணக்கு தளர்ந்துவிடுகிறது. ஒரே பெற்றோருக்குப் பிறந்தாலும் யாருக்கு எந்தப் பகுதி போய்ச் சேரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் உடன்பிறந்தவர்கள் ஒருவர் விடாமல் கொடுக்கச் சொல்கிறோம். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியில் இருக்கும் டி.என்.ஏ. தாய்வழியில் மட்டும் வரும். ஒரு செல்லில் அதற்கு ஏராளமான பிரதிகள் இருப்பதால், மற்றதெல்லாம் சிதைந்துபோன பழைய பல்லிலும் எலும்பிலும்கூட அது மிஞ்சும். அம்மா இல்லாத வீட்டில் அம்மாவின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அந்த அக்கா தங்கையின் பிள்ளைகள் யாரும் இதற்கு மாதிரி கொடுக்கலாம். ஆனால் அந்தத் தாய்வழியில் வந்த எல்லோருக்கும் அது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டோம்.

கொடுத்த மாதிரி, கொடுத்தவர் காலத்துக்குப் பிறகும் வேலை செய்யும். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பெற்றோரைக் கடத்திக் கொன்று குழந்தைகளை வேறு ஆட்களிடம் கொடுத்தபோது, அந்தக் குழந்தைகளின் பாட்டிகள் 1977இல் ஒன்றுசேர்ந்து தேட ஆரம்பித்தார்கள். பெற்றோரே இல்லாதபோது பாட்டி, தாத்தாவை வைத்து உறவை நிரூபிக்க முடியுமா என்று விஞ்ஞானிகளைத் தேடிப்போய்க் கேட்டார்கள். அமெரிக்க மரபியல் விஞ்ஞானி மேரி-கிளேர் கிங் போன்றவர்கள் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். 1987இல் அதற்கென்றே ஒரு தேசிய மரபணு வங்கி உருவானது. இதுவரை 130 பேருக்கு மேல் யார் பிள்ளைகள் என்று தெரியவந்திருக்கிறது. ரத்தம் கொடுத்த பாட்டிகளில் பலர் இறந்துவிட்டார்கள், ஆனாலும் பேரப்பிள்ளைகள் கிடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் துறையில் எனக்கு இதைவிடப் பெரிய நம்பிக்கை தரும் கதை இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்னோர், உறவினர் யார் என்று பார்க்கத் தனியார் நிறுவனங்கள் செய்யும் பூர்வீக டி.என்.ஏ. சோதனையும் போலீஸ் தரப்பில் சேர்க்கும் பதிவும் ஒன்றல்ல. இரண்டும் டி.என்.ஏ.யின் வெவ்வேறு இடங்களைப் படிக்கின்றன. ஒன்றில் கொடுத்துவிட்டால் மற்றதிலும் தானாகச் சேர்ந்துவிடும் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். காணாமல்போனவர் பட்டியலில் உங்கள் மாதிரி சேர்ந்ததா என்று விசாரணை அதிகாரியிடமே கேளுங்கள். பிள்ளை நாடு விட்டு நாடு போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் பல நாட்டுப் போலீஸை இணைக்கும் இன்டர்போல் அமைப்பைப் பற்றியும் கேளுங்கள். குடும்பத்தினரின் டி.என்.ஏ.யை நாடுகளுக்கிடையே ஒப்பிட 2021இலிருந்து அங்கே ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது.

வீட்டில் இருப்பதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். விழுந்த பால்பல், முதல் முடி, தொப்புள்கொடித் துண்டு என்று ஏதாவது ஒன்றை அம்மாக்கள் எடுத்து வைத்திருப்பார்கள். கழுவாதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள். தனித்தனிக் காகித உறையில் போட்டு, யாருடையது, யார் எடுத்து வைத்தது என்று மேலே எழுதுங்கள். குழந்தையின் படங்களோடு அப்பா, அம்மாவின் பழைய படங்களையும் வயது வாரியாக எடுத்து வையுங்கள். காணாமல்போன பிள்ளைக்கு இப்போது நாற்பது வயது இருக்கும் என்றால், முகம் எப்படி மாறியிருக்கும் என்று வரைகிறவர் முதலில் கேட்பது பெற்றோர் நாற்பது வயதில் எப்படி இருந்தார்கள் என்பதைத்தான். முதலில் கொடுத்த புகாரின் நகல் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். அலுவலகங்களில் கோப்புகள் தொலைவதுண்டு, வீட்டில் இருந்த நகலால் விசாரணை மறுபடி தொடங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் இருவருமே இல்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு எப்போதாவது அறுவை சிகிச்சையோ சதைப் பரிசோதனையோ நடந்திருந்தால், அந்தத் திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியும். பயன்படுத்திய சவரக்கத்தி, பல்செட், எச்சில் தொட்டு ஒட்டிய கடித உறை ஆகியவற்றிலிருந்தும் சில நேரம் கிடைக்கும். மெழுகுக் கட்டிகளைப் பல மருத்துவமனைகள் சில வருடங்களில் அப்புறப்படுத்திவிடும் என்பதால், அங்கே முதலில் போய்க் கேளுங்கள். மற்றவை வீட்டில்தான் இருக்கின்றன, நாளைக்கும் தேடலாம்.