ஒரே டிரேயில் இரண்டு ஆம்பூல்

இரவு இரண்டரை மணி. பொது வார்டில் இருபத்தெட்டு நோயாளிகள், இரண்டே சிஸ்டர்கள். ஆன்டிபயாடிக் பவுடரைக் கரைக்க ஒருவர் டிஸ்டில்டு வாட்டர் எடுக்கிறார். பத்து மில்லி பிளாஸ்டிக் ஆம்பூல். மூடியைத் திருகி, சிரிஞ்சில் இழுக்கப் போகும்போது எதேச்சையாக எழுத்து கண்ணில் படுகிறது. பொட்டாசியம் குளோரைடு.

பொட்டாசியம் உடம்புக்கு வேண்டியதுதான். குறைந்துபோனால் சலைன் பாட்டிலில் கலந்து, மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவோம். அதையே கலக்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

அன்று நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சிஸ்டர் மறைக்காமல் காலையில் இன்சார்ஜிடம் சொன்னார். கிடைத்தது ஒரு மெமோ: ‘கவனக்குறைவு’. நர்ஸாக இருந்து தரப்பிரிவுக்கு நான் மாறியிருந்த புதிது. அந்த மெமோவை டைப் செய்ததே நான்தான்.

மூன்று வாரம் கழித்து வேறு வார்டு, வேறு சிஸ்டர், அதே ஆம்பூல். இதுவும் கடைசி நிமிடத்தில் தப்பியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்து டிரேயை ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்த்தேனா?

ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலையில் தைச்சி ஓனோ என்ற பொறியாளர் ஒரு பழக்கத்தை ஊட்டியிருந்தார். கோளாறு வந்தால் ‘யார்’ என்று கேட்காதே, ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேள். நாங்களும் கேட்டோம். ஏன் மாறியது? இரண்டும் ஒரே டிரேயில், ஒரே அளவில் இருந்தன. முன்பு அப்படி இல்லையே? இந்த முறை ஸ்டோரில் வேறு கம்பெனி சரக்கு வாங்கியிருந்தார்கள். வார்டுக்குத் தகவல் இல்லை. பொது வார்டில் பொட்டாசியம் எதற்கு? ராத்திரி தேவைப்பட்டால் கிடைக்காது என்று இருப்பு வைத்தது. ஏன் கிடைக்காது? இரவில் பார்மசி பூட்டியிருக்கும். ஏன் பூட்டுகிறார்கள்? நைட் டியூட்டிக்கு ஆள் போடவில்லை.

சிஸ்டரின் கவனத்தில் தொடங்கிய விசாரணை ஆள் நியமனத்தில் வந்து நின்றது. பொது வார்டுகளில் இருந்து பொட்டாசியத்தை எடுத்தோம். ஐசியுவிலும் அவசரப் பிரிவிலும் மட்டும், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பூட்டுப் பெட்டியில் வைத்தோம். எடுக்கும்போது இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரவு பார்மசிக்கு ஆள் வர நான்கு மாதம் இழுத்தது, அது தனிக்கதை.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் சென்ட்ரல் லைன் விஷயத்தில் செய்ததும் இதே ஜாதிதான். கழுத்து, தொடைப் பக்கப் பெரிய ரத்தக்குழாய்களில் போடும் அந்த டியூப் வழியாகக் கிருமி நேராக ரத்தத்தில் ஏறும். கை கழுவு, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடை, கவுன், கிளவுஸ், மாஸ்க்கோடு நோயாளியையும் முழுதாக மூடு, முடிந்தவரை தொடையில் போடாதே, தேவை முடிந்ததும் எடுத்துவிடு. அவ்வளவுதான். எல்லா டாக்டருக்கும் தெரிந்ததுதான். பொருள்கள் ஆளுக்கொரு மூலையில் கிடந்ததால் தேடிச் சலித்து ஏதாவது ஒன்றை விட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள். கூடவே, ஒரு படி விட்டுப்போனால் டாக்டரையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸுக்கு. மிச்சிகன் மாநிலத்தில் 103 ஐசியுக்களில் இதைச் செய்து 2006இல் முடிவை வெளியிட்டபோது, ரத்தத்தொற்று 66 சதவீதம் வரை குறைந்திருந்தது. என்னைக் கேட்டால் பட்டியலைவிட அந்த அதிகாரம்தான் பெரிய விஷயம். டொயோட்டா குடும்பத்தின் ஆரம்பத் தொழில் தறி. சகிச்சி டொயோடா செய்த தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். தவறு என்றால் அங்கேயே நிறுத்து என்பதுதான் இரண்டிலும். நம் ஊரில் ‘சார், கை கழுவவில்லை’ என்று சர்ஜனிடம் சொல்ல எத்தனை சிஸ்டருக்கு வாய் வரும்?

டிஸ்சார்ஜ் தாமதத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். காலை பத்து மணிக்கு ‘வீட்டுக்குப் போகலாம்’ என்பார் டாக்டர். நோயாளி கிளம்ப மாலை நான்காகும். ஒரு கேஸ் ஷீட்டின் பின்னாலேயே நாள் முழுக்க நடந்தேன். உருப்படியான வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. மீதி நேரம் ஷீட் மேசைகளில் தூங்கியது. பில் போடுபவர் மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பட்டும் என்றிருந்தார், பார்மசி வார்டு பையனுக்காகக் காத்திருந்தது. மிச்ச மருந்தை முந்தின சாயங்காலமே திருப்ப ஆரம்பித்தோம், நோயாளிகள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார்கள்.

(ஊசி போடுமுன் ஒவ்வொரு தடவையும் பெயர் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். கேட்காமல் போட வந்தால், நீங்களே பெயரைச் சொல்லி என்ன மருந்து என்று கேளுங்கள்.)

அப்புறம், தவறு நடக்க இருந்து தப்பியதை எழுத வார்டுக்கு ஒரு நோட்டு வைத்தோம். பெயர் எழுத வேண்டாம், மெமோ வராது என்றோம். இரண்டு மாதம் வெற்றுத்தாள். மெமோவை டைப் செய்தவளை யார் நம்புவார்கள்? பழைய மெமோவை ஃபைலில் இருந்து எடுக்க வைத்து, அந்த சிஸ்டரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் நோட்டில் முதல் குறிப்பு, அவர் கையெழுத்தில்: “12ஆம் பெட் ஊசியை 21க்குக் கொண்டுபோய்விட்டேன். கைப்பட்டையைப் பார்த்துத் திரும்பினேன்.”

போய்ப் பார்த்தேன். இரண்டு கட்டிலிலும் நம்பர் அட்டையே இல்லை. சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை.